மூன்று வயதுக்கு எந்தப் பாடத்திட்டம்?

பிள்ளைக்கு மூன்று வயது முடிந்ததும் செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்குள் பேச்சு எழும்: பால்வாடியா, எல்.கே.ஜி.யா? “பால்வாடியில் பாட்டுதான், வேன் வருகிற பள்ளியில் எழுதவே வைக்கிறார்கள்” என்று யாராவது சொல்வார்கள். தளவானூரிலும் பெற்றோர் முன்னால் நிற்பது இதே கேள்விதான்.

எழுத வைப்பதில்தான் எனக்குத் தயக்கம். மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளில் பல, மூன்று வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அந்தக் கை களிமண் பிசையலாம், புளியங்கொட்டை பொறுக்கலாம். நோட்டில் பக்கம் பக்கமாக எழுதுவது அதற்குப் பாரம்.

பால்வாடி என்று நாம் சொல்லும் தமிழக அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று பெயர். விலங்கு, காய்கறி, வாகனம் என ஒரு கருப்பொருளை எடுத்து, கதை, பாட்டு, விளையாட்டு எல்லாம் அதைச் சுற்றியே நடக்கும்.

மாண்டிசோரி வேறு வழி. 1907இல் ரோம் நகரத் தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கியது அது. 1939இல் மரியா மாண்டிசோரியே சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். குழந்தை தனக்குப் பிடித்த பொருளைத் தானே எடுக்கும். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிய பிறகே எழுதும். மூன்று முதல் ஆறு வயதுவரை எல்லோரும் ஒரே அறையில். ஏழைப் பிள்ளைகளிடம் பிறந்த இந்த முறை இன்று பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளில் இருப்பது வருத்தம் தருகிறது.

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் வந்தன. மாண்டிசோரி முறை என்றார்கள். அனுப்பப்பட்டவர்களோ உபரி இடைநிலை ஆசிரியர்கள். பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் பயின்றவர்கள். 2022இல் அவர்கள் தொடக்கப் பள்ளிகளுக்கே திரும்பினார்கள். வகுப்புகளை நிறுத்துவதற்கு எதிர்ப்பு கிளம்பியதும், தற்காலிக ஆசிரியர்களோடு தொடர முடிவானது. முறையின் பெயரைவிட அதில் பயின்ற ஆள் இருக்கிறாரா என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு பணியாளர், ஒரு உதவியாளர், கலந்த வயதுப் பிள்ளைகள்: அங்கன்வாடியின் அமைப்பு இதுதான். இதற்குக் கருப்பொருள் முறையே பொருந்தும். பெரியது சின்னதுக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கத்தை மட்டும் மாண்டிசோரியிடம் எடுத்துக்கொள்ளலாம். தளவானூருக்குக் கருப்பொருளும் கையருகே இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் அங்கே குடைவித்த சத்ருமல்லேஸ்வரம் குகைக் கோயிலுக்குப் பிள்ளைகளை ஒரு காலை அழைத்துப் போனால் போதும். நடுவில் இரண்டு தூண், முகப்பின் இரு பக்கமும் வாயிற்காவலர். ஒன்று, இரண்டு எண்ணலாம். கல்லின் குளிர்ச்சியைத் தொட்டுப் பார்க்கலாம். ஐந்து வயது அக்கா காவலரைப்போல இடுப்பில் கை வைத்து நின்றால், மூன்று வயதும் பக்கத்தில் போய் அப்படியே நிற்கும்.