காதிரைச்சலும் காது மந்தமும்

ஒலி புகாத அறையில் கேட்ட ஒலி

1953-ஆம் ஆண்டு ஹெல்லர், பெர்க்மன் என்னும் இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், செவிப்புலனில் எவ்விதக் குறையும் இல்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் அமர்த்தி, அங்கே என்னென்ன சப்தங்கள் கேட்கின்றன என்று குறித்துத் தருமாறு கேட்டுக்கொண்டார்கள். அறைக்குள் சப்தம் எதுவும் இல்லை. ஆயினும் அவர்களில் நூற்றுக்கு 94 பேர் ஏதோவொரு ரீங்காரத்தையோ இரைச்சலையோ கேட்டதாகத் தெரிவித்தார்கள். காதுக்குள் ஓயாமல் சில்வண்டு கத்துகிறது என்று முறையிட்டுக்கொண்டு வருபவர்கள், தமக்குச் சித்தம் கலங்கிவிடுமோ, மூளையில் கட்டி வளர்கிறதோ என்று அஞ்சி உறக்கத்தைத் தொலைப்பது சர்வசாதாரணமாகையால், அவர்களுக்கு வைத்தியர் முதலில் எடுத்துச் சொல்லத்தக்க செய்தி இதுவே என்பது என் அபிப்பிராயம்.

வெளியுலகின் ஓசை அற்றுப்போகும்போது, கேள்வி நரம்பிலும் மூளையிலும் எந்நேரமும் இயல்பாக ஓடிக்கொண்டிருக்கும் மெல்லிய மின்னோட்டம் நம் கவனத்துக்கு எட்டிவிடுகிறது. அந்த 80 பேரும் அறையைவிட்டு வெளியே வந்ததும் ஊர்ச் சப்தத்தில் அது அமுங்கிப் போயிருக்கும். காது மந்தமானவருக்கோ, ஒலி புகாத அந்த அறையை விட்டு வெளியே வர வழியில்லை. காதிரைச்சலில் பெரும்பகுதி கேள்விக் குறைவையொட்டி வருவதே. ஆதலால் இரைச்சலிலிருந்து தப்புவதற்காக நிசப்தத்தை நாடி ஓடுபவர் அதை வளர்த்துக்கொள்கிறாரேயன்றித் தணித்துக்கொள்வதில்லை.

உட்செவியின் மயிரணுக்கள்

செவிப்பறைக்கு அப்பால், சுத்தி, பட்டடை, அங்கவடி என்று ஒன்றோடொன்று கோத்த மூன்று சிற்றெலும்புகள் இருக்கின்றன. அவற்றுள் கடைசியாக உள்ள அங்கவடி நம் தேகத்தின் எலும்புகளிலெல்லாம் மிகச் சிறியது. அதன் அடி அழுந்தும் இடத்தில் தொடங்குகிறது, நீர் நிறைந்து, ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுருண்டிருக்கும் நத்தைக்கூடு என்னும் உட்செவி. அதனுள் வரிசை வரிசையாக, ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரணுக்கள் இருந்துகொண்டு, ஒலியசைவை நரம்புக்குரிய மின்செய்தியாக மாற்றுகின்றன. ஹங்கேரியின் தபால் தந்தி இலாகாவில் தொலைபேசி ஆராய்ச்சி செய்துவந்த பேக்கெஷி என்பவர், இறந்தோரின் உட்செவியைத் திறந்து ஆராய்ந்து, கீச்சென்ற ஒலிகள் நத்தைக்கூட்டின் வாயிலருகேயும் கனத்த ஒலிகள் அதன் உச்சியிலும் அதிர்வை உண்டாக்குகின்றன என்று கண்டு, அதற்காக 1961-இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த மயிரணுக்கள் ஒரு முறை அழிந்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கின்றன, அந்த ரகசியத்தை அறிந்து மனிதனுக்கும் பயன்படுத்த முடியுமா என்று பல நாடுகளில் விஞ்ஞானிகள் முயன்றுவருகிறார்களாயினும், இன்றைக்கு வைத்தியசாலையில் கொடுக்கத்தக்க மருந்தாக அது வந்து சேரவில்லை. அணுக்கள் அழிந்து, கீழிருந்து வரவேண்டிய செய்தி குறைந்ததும், மூளையின் கேள்விப் பகுதி அந்தக் குறையை ஈடுகட்டத் தன் கூர்மையை ஏற்றிக்கொள்கிறது. நிலையம் சரியாகக் கிடைக்காத வானொலியின் ஒலியைத் திருகிக் கூட்டினால் பாட்டுக்குப் பதில் இரைச்சலே உரத்துக் கேட்பது போன்ற நிலை அது. அறிஞர் பலரும் இன்று ஒப்புக்கொள்ளும் விளக்கம் இதுதான்.

தறிக்கூடமும் வெடிச்சத்தமும்

மயிரணுக்களை அழிக்கும் காரணங்களில், நாமே உண்டாக்கிக்கொள்வதும், நாமே தவிர்க்கக்கூடியதும் பெருஞ்சப்தம். கிளாஸ்கோ நகரத்தில் தாமஸ் பார் என்ற காது வைத்தியர், கப்பல்களுக்குக் கொதிகலன் அடிக்கும் தொழிலாளர் 100 பேரைச் சோதித்து 1886-இல் வெளியிட்ட அறிக்கையில், அவர்களில் ஒருவருக்கேனும் செவி இயல்பாக இல்லை என்று எழுதினார். அதே காலத்து லங்காஷயர் பஞ்சாலைகளில், தறிகளின் ஓசையில் பேச்சு எடுபடாமல், உதடசைவையும் கைஜாடையையும் கொண்டே பெண்கள் சம்பாஷித்துக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியிருந்தது.

இவ்விஷயத்துக்கு நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர்ப் பக்கங்களில், நாடா அடித்து ஓடும் பழைய விசைத்தறிக் கூடத்துக்குள் நுழைபவர், அடுத்து நிற்பவரின் காதருகே வாயை வைத்துக் கத்தினாலன்றி ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாது. அப்படிக் கத்தவேண்டியிருக்கிறதென்றால் அந்த இடத்தின் சப்தம் செவிக்குக் கேடு என்று கொள்ளலாம். அளவு கருவி கையில் இல்லாதவர்களுக்கு அதுவே போதுமான கணக்கு. கருவியின் கணக்கைச் சொன்னால், 85 டெசிபல் சப்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம்; அதற்குமேல் 3 டெசிபல் கூடுந்தோறும் இருக்கத்தக்க நேரம் பாதியாகிவிடும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100 டெசிபலுக்குக் கால் மணி. நாடாத் தறிக்கூடங்களில் சப்தம் 90-ஐத் தாண்டுவது சகஜம்; அவற்றில் ஓட்டுபவர்கள் நிற்பதோ ஒரு ஷிப்டு முழுதும். வீட்டையொட்டியே நாலு தறி, ஆறு தறி போட்டு ஓட்டுகிற குடும்பங்களில், திண்ணையில் தொட்டில் கட்டிக் குழந்தையை உறங்க வைப்பதும் அதே சப்தத்தில்தான். காதில் பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வது பலருடைய வழக்கமாயினும் அது தடுப்பது சொற்பமே. விரலால் உருட்டிச் செருகியதும் துவாரத்துக்குள் விரிந்து அடைத்துக்கொள்ளும் நுரைரப்பர் அடைப்பான், சில ரூபாயில் கிடைப்பது, நன்றாகப் பொருத்தினால் பஞ்சைக் காட்டிலும் எத்தனையோ மேல்.

சப்தத்தால் வரும் மந்தத்துக்கு ஒரு விசேஷ அடையாளம் உண்டு. முதலில் போவது, விநாடிக்கு 4,000 அதிர்வுகள் அளவிலான கீச்சொலிகளைக் கேட்கும் சக்தி. பேச்சின் உயிரெழுத்தோசைகள் கனத்தவையாதலால் அவை கேட்கும். ச, த, க போன்றவற்றின் நுண்ணிய உரசல் மட்டும் கேட்காது. எனவே "தட்டைக் கொண்டு வா" என்றால் "எந்தக் கட்டை?" என்று கேட்பார், குரலை உயர்த்திச் சொன்னால் "ஏன் கத்துகிறாய்?" என்று கோபிப்பார். காது கேட்கிறது, பேச்சுத்தான் விளங்கவில்லை என்று அவர் சொல்வது அட்சர சுத்தமான உண்மை. வீட்டார்தான் அதை வீம்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பட்டாசின் சங்கதி வேறு. நம் நாட்டு விதி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபலுக்குமேல் சப்தம் எழக் கூடாது என்கிறது. தீபாவளியன்று சரத்தைக் கொளுத்திவிட்டுச் சிறுவர்கள் எத்தனை மீட்டர் ஓடுகிறார்கள் என்பதை நாம் அறிவோம். வருஷக்கணக்கில் தறி செய்வதை ஒரே ஓர் அணுகுண்டு வெடி ஒரு கணத்தில் செய்துவிடக்கூடும்.

குறும்பியும் சீழும் ஊசிமருந்தும்

மற்றக் காரணங்களில் எளியது குறும்பி. அது இறுகித் துவாரத்தை அடைத்தாலே இரைச்சலும் மந்தமும் தோன்றும். வைத்தியர் அதை எடுத்த கணமே இரண்டும் நீங்கும். அதைத் தாமே எடுக்கிறோம் என்று ஹேர்பின், தீக்குச்சி, பட்ஸ் ஆகியவற்றை விடுவதால் குறும்பி இன்னும் உள்ளே தள்ளப்படுவதோடு, செவிப்பறை கிழிவதும் உண்டு. காது வலிக்குப் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றும் பழக்கமும் விட்டொழிக்கத்தக்கதே. செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்பது வீட்டிலிருப்பவருக்குத் தெரியாது, ஓட்டையுள்ள காதுக்குள் எண்ணெய் போனால் நடுச்செவியில் சீழ் பிடிக்க அதுவே வழியாகும். சிறு வயதில் சளியால் வந்த சீழைக் கவனியாமல் விட்டு, வளர்ந்த பின் மந்தத்தோடு வருபவர்கள் நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அனேகர்.

மருந்துகளும் செவியைக் கெடுக்கும் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் க்ஷயரோகத்தால் சாகவிருந்த லட்சோபலட்சம் பேரைக் காப்பாற்றியது. அவர்களில் ஒரு சாராருடைய காதை விலையாகப் பெற்றுக்கொண்டது. அதே இனத்தைச் சேர்ந்த ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகளும், புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டினும் அத்தகையவையே. அதிக அளவில் உட்கொண்ட ஆஸ்பிரினும் இரைச்சலை எழுப்பும். ஆனால் நிறுத்தினால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். மருந்துக்கு அடங்காத க்ஷயரோகத்துக்கு இப்போது ஊசியைக் கைவிட்டு, வாய்வழி மாத்திரைகளையே உலக சுகாதார ஸ்தாபனம் முன்வைத்திருப்பதற்குச் செவிக்கேடும் ஒரு முக்கிய காரணம்.

பிறவிச் செவிடு இன்னொரு பெரிய அத்தியாயம். கர்ப்பிணிக்கு ருபெல்லா அம்மை கண்டாலும், தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருந்த ஒரே குறை குழந்தையிடம் வந்து கூடினாலும் அது நேரும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நம் வழக்கத்தில் பின்னதற்கு வாய்ப்பு அதிகம்.

வைத்தியர் பார்ப்பது

வைத்தியர் கையிலெடுக்கும் முதல் உபகரணம், 1855-இல் ரின்னெ என்ற ஜெர்மானியர் விவரித்த பரீட்சைக்கு உரிய இசைக்கவை. அதைத் தட்டி, அதிரும்போதே காம்பைக் காதின் பின்னெலும்பில் ஊன்றிப் பிறகு காதுக்கு முன்னே பிடித்து, எங்கே உரக்கக் கேட்கிறது என்று வினவுவார். நல்ல காதுக்குக் காற்றில் பிடித்ததே உரத்துக் கேட்கும். எலும்பில் ஊன்றியது அதைவிட உரத்தால் குறை வெளிச்செவியிலோ நடுச்செவியிலோ இருக்கிறது. அரை நிமிஷத்துப் பரீட்சை இது. பிறகு கேள்வித்திறனைக் கோடாக வரைந்து காட்டும் ஆடியோகிராம் எடுத்தால், சப்தத்தால் கெட்ட காதில் 4,000 அதிர்வுகளுக்கு நேரே கோடு பள்ளமாக இறங்கியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

தாமதிக்கலாகாத சில நிலைமைகள் உண்டு. காலையில் எழுந்து போனைக் காதில் வைத்தபோது ஒரு பக்கம் கேட்கவில்லையென்றால், சளியாக இருக்கும் என்று தள்ளிப்போடாமல் அன்றே காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போகவேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் கொடுத்தால் பலன் தர வாய்ப்புண்டு, இரண்டு வாரம் கடந்தபின் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். இரைச்சல் ஒரு காதில் மட்டும் நிலைத்திருந்தாலும், நாடித் துடிப்போடு ஒத்து அடித்தாலும், தலைச்சுற்றலோ முகவாதமோ கூட வந்தாலும், ஸ்கேன் எடுத்துக் காரணம் காண்பது அவசியம்.

இரைச்சலுக்குச் சிகிச்சை

காதிரைச்சலை அடியோடு போக்கும் மாத்திரை என்று ஒன்று இன்று கிடையாது. இருப்பதாக விளம்பரம் செய்பவர்களை நம்பலாகாது. அதற்காக, "இதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை, பழகிக்கொள்ளுங்கள்" என்று கையை விரிக்கும் வைத்தியரையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்; பழகிக்கொள்வதற்கே முறைகள் உண்டு, அவற்றைக் கற்றுத்தருவதும் வைத்தியமே. குறும்பி, சீழ், ரத்தசோகை, தைராய்டுக் கோளாறு ஆகியவை இருந்தால் முதலில் அவற்றைத் தீர்க்கவேண்டும். கேள்விக் குறைவு இருந்தால் காது மெஷின் வைத்த மாத்திரத்தில், வெளியோசை உள்ளே வரத் தொடங்கி, இரைச்சல் பலருக்குப் பின்வாங்கிவிடும். உறங்கும் வேளையில் மின்விசிறியையோ, மெல்லிய ஒலியில் வானொலியையோ ஓடவிடுவது நல்லது. இரைச்சலை முழுக்க மூழ்கடிக்குமளவுக்கு வேண்டாம், இரண்டும் சேர்ந்து கேட்குமளவுக்குப் போதும், ஏனெனில் இரைச்சல் இருக்கும்போதே அதைப் பொருட்படுத்தாதிருக்க மூளை கற்றுக்கொள்ளவேண்டும்.

இரைச்சலைக்காட்டிலும் இரைச்சலைப் பற்றிய பயம்தான் பலரை வாட்டுகிறது. பயந்த மனம் அதையே உற்றுக் கேட்கும்; உற்றுக் கேட்கக் கேட்க அது ஓங்கும். இந்தச் சுற்றை அறுப்பதற்கு மனநல நிபுணர்கள் கையாளும் அறிவுநடத்தைச் சிகிச்சை, சப்தத்தின் அளவைக் குறைக்காவிட்டாலும் அதனால் உண்டாகும் துன்பத்தைக் குறைக்கிறது என்பது ஆராய்ச்சிகளால் நிலைபெற்றிருக்கிறது.

கேள்வியை மீட்பது

செவிப்பறை ஓட்டையைக் காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையைக் கொண்டே ஒட்டிவிடலாம். அங்கவடி எலும்பு இறுகி அசையாமற்போனால் அதை அகற்றிச் சிறு செயற்கைத் தண்டைப் பொருத்தும் சிகிச்சையை 1956-இல் அமெரிக்கரான ஜான் ஷே செய்துகாட்டினார். முழுச் செவிடாகப் பிறந்த குழந்தைக்கு, உட்செவிக்குள் பதிக்கும் காக்ளியர் இம்ப்ளாண்ட் என்னும் கருவி இருக்கிறது. தமிழ்நாட்டில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அது செய்யப்படுகிறது. ஆனால் பேச்சைக் கற்கும் பருவம் காத்திராது. பிறந்த முதல் மாதத்திலேயே காதைச் சோதித்து, 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்து, 6 மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கவேண்டும் என்பதே நிபுணர்களின் விதி.

முதியவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டியது காது மெஷினே. கண்ணாடி அணிய வெட்கப்படாதவர்கள் இதற்கு வெட்கப்படுவது விந்தைதான். 1801-இல் பீத்தோவன் தம் வைத்திய நண்பர் வேகலருக்கு எழுதிய கடிதத்தில், இரவும் பகலும் காதில் இரைச்சல் ஓயவில்லை என்பதோடு, தாம் செவிடு என்று பிறரிடம் சொல்ல முடியாமையால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாகச் சபைகளுக்கே போவதில்லை என்றும் குறிப்பிட்டார். சங்கீத மேதைக்கு அந்தக் கூச்சம் வந்ததில் அர்த்தமிருக்கிறது; பென்ஷன் வாங்கிக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு இருப்பவர் ஏன் பேச்சை இழக்கவேண்டும்?

மெஷினை வாங்கிய முதல் வாரத்தில், தட்டு விழும் ஓசையும் காகிதம் மடிக்கும் ஓசையும் தாங்க முடியவில்லை என்று கழற்றி மேஜையறைக்குள் போட்டுவிடுபவர்கள் பலர். நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் என்று, முதலில் அமைதியான அறையில் ஒருவரோடு பேசும்போது மட்டும் அணிந்து, பிறகு நேரத்தைக் கூட்டிக்கொண்டு போனால் சில வாரங்களில் மூளை பழகிவிடும். அதற்குள் இரண்டு மூன்று தடவை செவிப்புல நிபுணரிடம் போய் ஒலியளவைத் திருத்திக்கொள்ளவேண்டும். வியர்வையும் ஈரக்காற்றும் மெஷினுக்குப் பகையாகையால், இரவில் பாட்டரியின் கதவைத் திறந்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் அதை வைத்துவிட்டு உறங்குவது நல்லது.