ஆங்கிலத்திற்கும் திசைச்சொல் உண்டு

செந்தமிழ் நாட்டைச் சூழ்ந்த நிலங்களிலிருந்து வந்து தமிழில் வழங்கும் சொற்களைத் திசைச்சொல் என்று வகுத்தார் தொல்காப்பியர். பழையன போவதும் புதியன வருவதும் குற்றமாகாது என்று பிற்காலத்தில் நன்னூலில் விதி செய்தார் பவணந்தி முனிவர். இந்த இரண்டையும் மனதில் வைத்து இன்றைய ஆங்கிலத்தைப் பார்த்தால், அதுவும் இதே வழியில்தான் போகிறது என்பது விளங்கும்.

நம்ம வியாபாரச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று இரண்டு சொற்கள் உண்டு. ரொக்கம் என்னும் பொருளில் வருவது, பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சிறு நாணயத்தைக் குறித்த பழைய 'கேஷ்' நம்முடைய காசு. போர்த்துகீசியர் வழியாகப் போய்ச் சேர்ந்தது. கட்டுமரமும், சுருட்டும், மிளகுத்தண்ணியும் அப்படிக் கப்பலேறியவைதாம். அந்த வரவு இன்னும் நிற்கவில்லை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் 2016-ல் 'ஐயோ'வும், 2017-ல் 'அண்ணா'வும் 'வடை'யும் இடம் பிடித்தன.

புதுச்சொல் புகுவது ஒரு வகை. இருக்கிற சொல் இடத்துக்கேற்பப் பொருள் மாறுவது இன்னொரு வகை. இதைப் பார்க்கத் திருமலைக்குப் போனால் போதும். இங்கிலாந்தில் 'காட்டேஜ்' என்றால் கிராமத்துச் சிறு வீடு; திருமலையில் பக்தர்கள் தங்கும் விடுதி. கிறிஸ்தவத் துறவிகள் தலை மழிப்பதைச் சொன்ன 'டான்சர்', இங்குள்ள ஆங்கிலப் பத்திரிகைகளில் கல்யாணகட்டாவில் முடி காணிக்கை கொடுப்பதைக் குறிக்கிறது. 'போஸ்ட்போன்' இருக்கிறதே, முன்னதாக வைக்க ஒரு சொல் வேண்டாமா என்று 'ப்ரீபோன்' என்பதை நாடெங்கும் வழக்கில் கொண்டுவந்தவர்கள் இந்தியர்களே.

'அங்கிள்' கதையும் இதுதான். ஆங்கிலேயருக்கு அது பெரும்பாலும் உறவு முறை. நமக்கோ வயதில் மூத்த யாரும் அங்கிள்தான். இது ஆங்கிலத்தின் வளர்ச்சி. ஆனால் நம்ம கணக்கில் என்ன ஆயிற்று? பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று உறவைப் பிரித்துச் சொன்ன சொற்கள் ஒரே அங்கிளில் கரைந்து போகின்றன. பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பிள்ளைகளிடமும் பெதநான்னா, பாபாய், மாமய்ய என்பவை இதே கதிதான்.

ஐயோவை வாங்கியதால் ஆங்கிலம் தன் சொல் எதையும் இழக்கவில்லை. அங்கிளை வாங்கிய நாம்தான் நம் சொற்களை இழக்கிறோம். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் தெலுங்கு என்று வளரும் சித்தூர், திருப்பதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் புழங்கும் இடம் வீடு ஒன்றுதான். அவர்கள் ஆங்கிலம் நன்றாகப் படிக்கட்டும். வீட்டுக்கு வரும் சித்தப்பாவைச் சித்தப்பா என்றே கூப்பிடட்டும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை, பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தால் போதும்.