சென்னைக்குச் சிகிச்சைக்குப் போகிறீர்களா? வாடகையை மட்டும் பார்த்து அறை எடுக்காதீர்கள்



மேல்சிகிச்சைக்குச் சென்னை போகச் சொல்லிவிட்டார்கள் என்று நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்கள், மருந்து, ஸ்கேன், அறுவைச் சிகிச்சை ஆகியவற்றின் செலவை எழுதிக்கொண்டு வருகிறார்கள். தங்கும் செலவு அந்தத் தாளில் பெரும்பாலும் இருப்பதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தாலும் அது மருத்துவமனைக்குள் நடக்கும் சிகிச்சைக்குத்தான். லாட்ஜ் வாடகையும் ஆட்டோ கூலியும் நம் கையிலிருந்துதான் போக வேண்டும். மாத்திரைக்கென்று வைத்திருந்த பணம் ஆட்டோவுக்குப் போய்விடாமல் இருக்க, கிளம்புவதற்கு முன்பே சில விஷயங்களை யோசித்துக்கொள்வது நல்லது.

வாடகை மட்டும் கணக்கல்ல

ஓர் உதாரணம் பார்ப்போம். நோயாளி, மனைவி, மகன் என மூன்று பேர் நான்கு நாள் தங்குகிறார்கள். நகரின் ஓரத்தில் 700 ரூபாய்க்கு அறை கிடைக்கிறது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் 1,100 ரூபாய் கேட்கிறார்கள். நாளுக்கு 400 ரூபாய் மிச்சம் என்று 700 ரூபாய் அறையை எடுக்கிறோம். ஆனால் நோயாளியால் பேருந்தில் ஏற முடியாது. ஆட்டோவுக்குப் போக 250, வர 250 என்று வைத்தால் நான்கு நாளில் 2,000 ரூபாய். அறைக்கு 2,800, ஆட்டோவுக்கு 2,000, ஆக மொத்தம் 4,800. பக்கத்து அறையோ 4,400 ரூபாயில் முடிந்திருக்கும்.

பணத்தைவிடப் பெரியது அலைச்சல். அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிச் சீட்டு காலையிலேயே வாங்க வேண்டும். தொலைவில் தங்கினால் விடியும் முன்பே நோயாளியை எழுப்பிக் கிளப்ப வேண்டும். ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காக மூன்று மணி நேரம் காத்திருக்கும்போது, பக்கத்தில் அறை இருந்தால் போய்ப் படுக்கலாம், தொழலாம், கஞ்சி குடிக்கலாம். இல்லையென்றால் வராந்தாதான்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, “அங்கிருந்து மருத்துவமனைக்கு நடந்து போகலாமா, அல்லது ஒரே ரயிலில் போகலாமா?” என்பது. வாடகையை அதன் பிறகு கேளுங்கள்.

எந்த மருத்துவமனைக்கு எந்தப் பகுதி?

ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. இதற்குப் பெரியமேடும் எழும்பூரும் வசதி. பெரியமேட்டில் பள்ளிவாசலும் நம்மவர் உணவகங்களும் அருகருகே உண்டு. எழும்பூர் நிலையத்துக்கு எதிரே கென்னத் லேன் பகுதி முழுக்க லாட்ஜுகள்தான். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, மகப்பேறு மருத்துவமனை, கண் மருத்துவமனை மூன்றுக்கும் எழும்பூரே போதும்.

ஸ்டான்லி மருத்துவமனைக்கு மண்ணடி ஏற்றது. ஓமந்தூரார் பல்நோக்கு மருத்துவமனைக்கும் கஸ்தூர்பா காந்தி மகளிர் மருத்துவமனைக்கும் திருவல்லிக்கேணி பக்கம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திருவல்லிக்கேணியில் ‘மேன்ஷன்’ என்று பெயர் போட்டவை பெரும்பாலும் தனி ஆண்கள் மாத வாடகைக்குத் தங்கும் இடங்கள். பெண்களோடு போனால் குடும்பத்துக்கு அறை தரும் லாட்ஜ்தானா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

கிரீம்ஸ் சாலை தனியார் மருத்துவமனைகளுக்குப் போகிறவர்களுக்கு அந்தத் தெருக்களிலேயே சமையலறையோடு கூடிய விடுதிகள் உண்டு. ஆனால் வாடகை கூடுதல். திருவல்லிக்கேணியில் தங்கினால் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் ஏறி இரண்டாவது நிலையமான ஆயிரம் விளக்கில் இறங்கலாம்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் பக்கத்தில் கஸ்தூர்பா நகர் பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது. அடையாறில் அறை கட்டுப்படியாகவில்லை என்றால் திருவல்லிக்கேணியில் தங்கி, ஒரே ரயிலில் போய் வரலாம். கதிர்வீச்சு சிகிச்சை வாரக்கணக்கில் நடக்கும். அதற்கு நாள் வாடகை கட்டினால் தாங்காது. மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம், வெளியூர் நோயாளிகளுக்குக் குறைந்த செலவில் தங்குமிடம் உண்டா என்று முதல் நாளே கேளுங்கள்.

எங்கே இறங்குவது?

2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டப் பேருந்துகள் இப்போது அங்கேதான் நிற்கின்றன. அங்கிருந்து சென்ட்ரலுக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். நோயாளியோடு நள்ளிரவில் இறங்கினால் டாக்சிக்கே பெரும் பணம் ஆகும். முடிந்தவரை ரயிலில் வாருங்கள். தெற்கிலிருந்து வரும் பல ரயில்கள் தாம்பரத்தில் நின்று எழும்பூர் செல்கின்றன. அங்கே இறங்கினால் கென்னத் லேன் நடை தூரம்தான்.

பேருந்தில்தான் வர முடியும் என்றால் விடிந்தபின் இறங்கும் வண்டியாகப் பாருங்கள். முனையத்திலிருந்து மாநகரப் பேருந்து உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. வண்டலூர் அல்லது ஊரப்பாக்கம் நிலையத்துக்குப் போனால் புறநகர் மின்சார ரயிலில் எழும்பூரிலோ பூங்கா நிலையத்திலோ இறங்கலாம். பூங்கா நிலையம் அரசு பொது மருத்துவமனையை ஒட்டியே இருக்கிறது. காலை எட்டு முதல் பத்து மணி வரை அந்த ரயில்களில் கூட்டம் நெருக்கும். நோயாளியை அந்த நேரத்தில் ஏற்றாதீர்கள். மெட்ரோவில் லிஃப்ட் உண்டு, உட்காரவும் இடம் கிடைக்கும். அதிகாலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை ஓடும்.

போனில் கேட்க வேண்டியவை

அறை எடுக்குமுன் லாட்ஜுக்கே போன் செய்து இவற்றைக் கேளுங்கள்:

• வாடகை 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா? காலை 5 மணிக்கு ரயிலில் வந்து இறங்குகிறவருக்குப் பகல் 12 மணிக் கணக்கு என்றால், ஏழு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை போகலாம்.
• எத்தனையாவது மாடி? லிஃப்ட் இருக்கிறதா? வேலை செய்கிறதா?
• கழிப்பறை அறைக்குள்ளேயா? மேற்கத்திய முறையா? வெந்நீர் எப்போது வரும்?
• மூன்றாவது ஆளுக்குத் தனிக் கட்டணமா? கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு?
• சொன்ன வாடகையில் ஜி.எஸ்.டி சேர்ந்திருக்கிறதா? 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு வரி 5 சதவீதம். 1,100 ரூபாய் அறைக்கு 55 ரூபாய். அதற்கு மேல் வரி என்று கேட்டால், ஜி.எஸ்.டி எண்ணோடு பில் கேளுங்கள்.

பெரியவர்கள் எல்லோரும் ஆதார் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக் கடிதத்தின் நகல் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

நிலைய வாசலில் “நல்ல ரூம் காட்டுகிறேன்” என்று கூப்பிடுகிறவர்களோடு போகாதீர்கள். அவருக்குக் கொடுக்கும் கமிஷன் உங்கள் வாடகையில்தான் ஏறும். இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு எண்ணுக்கு முன்பணமும் அனுப்பாதீர்கள். லாட்ஜ் பெயரில் போலி எண் போட்டுப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள்.

ஐந்து நாளுக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள்

முதல் நாள் மருத்துவர் என்ன சொல்வார் என்று யாருக்கும் தெரியாது. மாத்திரை எழுதி ஊருக்கே அனுப்பிவிடலாம். அன்றே வார்டில் சேர்க்கவும் சொல்லலாம். சேர்த்துவிட்டால் உடன் ஒருவரைத்தான் அனுமதிப்பார்கள். மற்றவர்கள் லாட்ஜில் இருப்பதில் பயன் குறைவு. ஆகவே ஒவ்வொரு நாளாக வாடகை கட்டுங்கள். கூட இரண்டு பேர் போதும் என்றால் நான்கு பேர் போக வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் ஊருக்குத் திரும்பியபின் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும்.

ஒரு ராத்திரி மட்டும் தங்க வேண்டுமானால் ரயில் நிலைய ஓய்வறையையும் யோசியுங்கள். பயணச் சீட்டின் பி.என்.ஆர் எண்ணைக் கொண்டு ஐ.ஆர்.சி.டி.சி தளத்தில் பதிவு செய்யலாம்.

வழிப்போக்கருக்குத் தங்க இடம் தருவது நம் சமுதாயத்தில் பழைய தர்மம். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். சென்ட்ரலுக்கு அருகில் பெரியமேட்டில் உள்ள சித்தீக் சராய் அப்படிப் பயணிகளுக்காக எழுந்த முசாஃபிர்கானாதான். மேல்விஷாரத்துக் கொடையாளர் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் கட்டுவித்தது. இப்படிப்பட்ட இடங்களில் அறை குறைவு, கேட்பவர் அதிகம். முன்கூட்டி விசாரித்து, இடம் உண்டு என்று தெரிந்த பிறகே கிளம்புங்கள்.

சொந்தக்காரர் வீடு

“மச்சான் வீடு ஆவடியில் இருக்கிறதே, எதற்கு லாட்ஜ்?” என்று தோன்றும். ஓரிரு நாளுக்கு நல்லதுதான். விருந்தோம்பல் மூன்று நாள் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். வாடகை வீட்டில் இரண்டே அறையில் பிள்ளைகளோடு இருப்பவர் வாய் திறந்து சொல்ல மாட்டார். ஆவடியிலிருந்து அடையாறுக்குத் தினமும் போய் வருவதும் நோயாளிக்குக் கொடுமை. நீண்ட சிகிச்சை என்றால் உறவினர் வீட்டில் முதல் இரண்டு நாள் இருந்து, அவர் உதவியோடு மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை பாருங்கள். உள்ளூர்க்காரர் நேரில் போய்ப் பார்த்துச் சொல்வது எந்தப் படத்தையும்விட நம்பகமானது.

கிளம்புமுன்

ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: அறை வாடகை, போக்குவரத்து, சாப்பாடு, அவசரத்துக்கு ஒரு தொகை. மருத்துவ உதவிக்கு நம்மிடம் மனுக் கொடுக்கும்போது அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். ஏற்கெனவே சென்னையில் சிகிச்சை எடுத்துத் திரும்பியவர்கள் தங்கிய இடம், கொடுத்த வாடகை, பட்ட சிரமம் ஆகியவற்றை அலுவலகத்தில் வந்து சொன்னால், அடுத்துப் போகும் குடும்பத்துக்கு அது பேருதவியாக இருக்கும்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவைத் தந்து, நலமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.