கடைக்குப் போனவர்களும் தோட்டத்துக்குப் போனவர்களும்

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியைக் கோடையிலும் வற்றாத நதி என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வது வழக்கம். கோடைமேலழகியான் தொடங்கி மருதூர் வரையுள்ள பழைய அணைக்கட்டுகள் ஏழும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுமாகச் சேர்ந்து, கார், பிசானம் என்ற இரு போகமும் விளையச் செய்த இந்தப் பூமியிலிருந்து, ஒரு நூற்றாண்டு காலம் ஜனங்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறி இலங்கைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதை நினைக்கும்போது, நீர்வளம் வேறு, அந்த நீரில் பாத்தியதை வேறு என்பது விளங்கும். நஞ்சை நிலங்களில் பெரும்பகுதி பிராமணர், வேளாளர் கைகளிலும் கோயில்கள், மடங்களின் பேரிலும் இருக்க, அதில் இறங்கி உழுது, நட்டு, அறுத்தவர்கள் பள்ளர், பறையர் குடிகள். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் அவர்களுக்கு வேலையும் இல்லை, நெல்லும் இல்லை. ஆற்றுப் பாசனம் எட்டாத தெற்குத் தேரிக்காடுகளிலோ பனைதான் ஜீவனம். அதுவும் பதநீர் இறங்குகிற சில மாதங்களுக்கே.

1876 இல் மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கிய பின்னர், கொழும்பு என்பது கப்பலில் ஓரிரவுப் பிரயாணம் என்றாகிவிட்டது. சென்னைக்குப் போவதைக் காட்டிலும் கொழும்புக்குப் போவது அநேகருக்குச் சமீபமாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. அந்தக் கப்பலில் இரண்டு வகையான மனிதர்கள் போனார்கள். கொழும்பின் புறக்கோட்டையிலும் மலைநாட்டுச் சிறு பட்டணங்களிலும் கடை வைக்கவோ, கடையில் வேலை பார்க்கவோ போனவர்கள் ஒரு வகை. காயல்பட்டினத்து முஸ்லிம்கள், தூத்துக்குடிப் பரதவர்கள், நாடார்கள், பிள்ளைமார் என்று அவர்களைச் சொல்லலாம். மற்றொரு வகையினர் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் பின்னால் போனவர்கள். தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக்களைச் சேர்ந்தவர்களே ஆயினும், திருநெல்வேலிச் சீமையின் பங்கும் அற்பமன்று. தூத்துக்குடி மார்க்கமாகப் போகிறவர்களைத் தட்டப்பாறையில் இருந்த முகாமில் நிறுத்தி, உடம்பைச் சோதித்துவிட்டே அனுப்பினார்கள் என்பது இன்று அந்த ஊர் வழியாக ரயிலில் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த இரு சமூகத்தாரின் பொருளாதார ஸ்திதியை ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் சாதாரணமாகச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. கடைக்குப் போனவன் சிக்கனக்காரன், கணக்குத் தெரிந்தவன், ஆகையால் முன்னேறினான். தோட்டத்துக்குப் போனவன் சம்பாதித்ததைச் செலவழித்தான், ஆகையால் அப்படியே இருந்தான் என்பார்கள். இதைவிட அநியாயமான தீர்ப்பு வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். அதற்கு நான் காட்டும் முதல் சாட்சி தேரிக்காட்டு நாடார்களே. ஒரே ஊரில், ஒரே பனங்காட்டில் வளர்ந்தவர்களில் சிலர் கடைக்கும் சிலர் தோட்டத்துக்கும் போனார்கள். சிக்கனமும் உழைப்பும் இரு திறத்தாருக்கும் பொதுவாக இருந்தும், இரண்டு தலைமுறைக்குப் பின் அவர்களுடைய சந்ததியாரின் நிலை வேறு வேறாகப் போயிற்று. வித்தியாசத்தைக் குணத்தில் தேடினால் அகப்படாது. அதைப் பேரேட்டில்தான் தேடவேண்டும்.

கடைக்குப் போகிற பையன் மீசை முளைப்பதற்கு முன்பே, சொந்தக்காரர் அல்லது ஊர்க்காரர் ஒருவருடைய கடையில் போய்ச் சேர்ந்தான். சாப்பாடும் படுக்கையும் கடையிலேயே. மூட்டைகளுக்கு இடையில் உறங்கி, விடியுமுன் எழுந்து, கதவு திறந்து, இரவு வெகு நேரங்கழித்து அடைக்கும் அந்த வாழ்க்கையைச் சுகமானது என்று ஒருவரும் சொல்லமாட்டார். ஆனால் அவன் சம்பளம் மாதாமாதம் முதலாளியின் பேரேட்டில் அவன் பேரில் வரவாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று வருஷங்கள் கழித்து ஊருக்குப் புறப்படும்போது அது மொத்தமாகக் கைக்கு வந்தது. அதைக் கொண்டு தங்கைக்குக் கலியாணம் நடந்தது, ஓடு போட்ட வீடு எழும்பிற்று. முதலாளிக்கு அவன்மீது நம்பிக்கை பிறந்துவிட்டால், பங்கு கொடுப்பார், அல்லது கடனுக்குச் சரக்குக் கொடுத்து ஹட்டனிலோ பதுளையிலோ தனிக்கடை போடச் செய்வார். எல்லாரும் முதலாளியானார்கள் என்று நான் சொல்லவில்லை. தலை நரைக்கும் வரை சிப்பந்தியாகவே இருந்தவர்கள் அநேகர். அவர்களுங்கூட ஊருக்கு வெறுங்கையோடு திரும்பவில்லை.

தோட்டத்துக்குப் போனவனுடைய கணக்கு, அவன் வீட்டைவிட்டு இறங்குமுன்பே பற்றில் ஆரம்பித்தது. கங்காணி கிராமத்துக்கு வந்து முன்பணம் கொடுத்துப் பழைய கடனைத் தீர்த்து, துணிமணி வாங்கித் தந்து, ரயில் சத்தமும் கப்பல் சத்தமும் கட்டி அழைத்துப் போவான். அத்தனையும் தொழிலாளி பேரில் கடன். தோட்டத்துத் துரை கங்காணிக்குக் கடன் கொடுத்தவர். கங்காணி தன் ஆட்களுக்குக் கொடுத்தவன். கடைசிச் சுமை யார் தலையில் இறங்கிற்று என்பதை விளக்க வேண்டியதில்லை. தவிரவும், ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் தன் ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு நின்றார்களோ அத்தனை பேருக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே நோயாளியையும் எழுப்பிவிடுவது அவனுக்கு லாபம். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இந்தக் கூட்டத்தார் இவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள், அதைச் செலுத்துகிறவர் இவர்களை வைத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. ஊரிலிருந்து ஆட்களை அனுப்புவதற்கு 1901 முதல் தகர வில்லை முறை வந்தது. தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த வில்லையை அணிந்துகொண்டு, தோட்டத்தின் செலவில், பொட்டலம்போல் போய்ச் சேர்ந்தான் தொழிலாளி. துண்டு முறையைச் சட்டத்தால் ஒழிப்பதற்கு 1921 வரை ஆயிற்று.

கூலியைப் பார்ப்போம். 1927 ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி, மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், குழந்தைக்கு 32 சதம் என்று நிர்ணயம் செய்தார்கள். இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் அக்காலத்தில் சமமதிப்பு உடையவை. ஆகவே ஆணின் கூலி எட்டரை அணாவுக்குச் சற்று மேல். கணவன், மனைவி, ஒரு பிள்ளை மூவரும் கொழுந்தெடுத்தால் ஒரு நாளைக்கு 1 ரூபாய் 29 சதம். தாமிரபரணிக் கரையில் நெல்லாகக் கூலி வாங்கிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு இது பெருந்தொகையாகத் தோன்றியிருக்கும். ஏமாந்து போனார்கள் என்று சொல்லிவிடுவது அவர்களுடைய புத்தியை அவமதிப்பதாகும். ஆனால் அந்தக் கூலி, வேலைக் கணக்கில் முழுப் பேர் விழுந்த நாளுக்குத்தான். மழையால் வேலை நின்றாலும், கொழுந்து நிறை குறைந்தாலும் அரைப்பேர், அதாவது அரைக்கூலி. தோட்டம் வழங்கிய அரிசியின் விலை சம்பளத்தில் கழிந்தது. இருக்க இடம் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறை, அதுவும் வேலை இருக்கும் வரை. சேமிக்க வேண்டுமென்று நினைத்தாலும், சேமிப்புக்கு இடந்தரும் ஒரு வரவுப் பக்கம் அவர்களுக்கு இருக்கவில்லை.

இங்கே, சரித்திரத்தில் அதிகமாகக் கவனிக்கப்படாத ஒரு விஷயத்தையும் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் இலங்கைத் தோட்டங்களில் பயிரானது தேயிலையன்று, காப்பி. காப்பிப்பழம் பறிக்கிற சில மாதங்களுக்கு மட்டும் ஆள் அதிகம் தேவை. ஆகையால் போனவர்கள் பறித்து முடித்துச் சம்பளத்தோடு ஊர் திரும்பினார்கள். 1869 இல் தலைகாட்டிய இலை நோய் காப்பியை அழித்துவிட, அதன் இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்தோ வருஷம் முழுவதும் துளிர்க்கிறது. வருஷம் முழுவதும் பறிக்க வேண்டும். நுண்ணிய கைவேலையாகையால் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பமாகப் போனார்கள், அங்கேயே இருந்தார்கள், அங்கேயே பெற்றார்கள். ஒரு பயிர் மாறியதால் ஊரோடு இருந்த தொடர்பு தேய்ந்தது. கடைக்காரர்களின் வழக்கமோ இதற்கு நேர்மாறு: மனைவி மக்கள் ஊரில், தான் கடையில். அந்தப் பிரிவின் வேதனை காயல்பட்டினத்துப் பெண்களைக் கேட்டால் தெரியும். ஆனாலும் அந்தப் பிரிவே ஊரில் வீட்டையும் நிலத்தையும் காப்பாற்றி வைத்தது. இலங்கையில் சம்பாதித்த பணத்தால் எழுந்த மாடி வீடுகளும், பள்ளிவாசல்களும், தேவாலயங்களும், நாடார்களின் மகமைப் பணம் போலச் சமூகத்தார் சேர்ந்து கொடுத்த நிதியால் நடந்த பள்ளிக்கூடங்களும் இந்தப் பக்கத்தில் உண்டு. தோட்டத்துக் கூலியால் எழுந்த பள்ளிக்கூடம் ஒன்று சொல்லுங்கள் என்றால் நான் மௌனமாகத்தான் இருக்கவேண்டும்.

இரண்டும் தனித்தனி உலகங்கள் என்று எண்ணிவிடலாகாது. மலைநாட்டுப் பட்டணத்துக் கடைகளின் வாடிக்கைக்காரர் யார்? சம்பளத்தன்று லயத்திலிருந்து இறங்கி வருகிற தொழிலாளிகளே. மிளகாயும் கருவாடும் தீபாவளிச் சேலையும் வாங்கிய அவர்களுடைய சதங்கள் சேர்ந்துதான் கடைக்காரருடைய ரூபாய்களாயின. திருநெல்வேலிக்காரன் ஒருவனுடைய வறுமையின்மேல் மற்றொரு திருநெல்வேலிக்காரனுடைய சௌகரியம் நின்றது என்று சொல்வது கசப்பாயிருக்கலாம், பொய்யன்று. இந்தத் தோட்டத்து வாழ்வைத் தமிழ் இலக்கியத்தில் முதலில் கூர்ந்து பார்த்தவர்களில் ஒருவர் திருநெல்வேலிக்காரரான புதுமைப்பித்தன். 'துன்பக்கேணி'யில் அவர் வாசவன்பட்டிச் சேரியையும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தையும் ஒரே துயரமாக இணைத்து எழுதினார்.

1939 இல் திறமைசாராத் தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசாங்கம் தடுத்தது. 1948 இல், சுதந்திரம் பெற்ற இலங்கை இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டம் சுமார் ஏழு லட்சம் தோட்டத் தமிழரை எந்த நாட்டிற்கும் உரியவரல்லாதவராக ஆக்கிற்று. கடைக்காரர்களும் தப்பவில்லை. அதே காலத்துக் குடிவரவுச் சட்டம் அவர்களைத் தற்காலிக அனுமதிச் சீட்டில் வாழ்கிறவர்களாக்கியது. ஊருக்குப் பணம் அனுப்பக் கட்டுப்பாடு. 1963 முதல் பிரஜையல்லாதவர் நிலம் வாங்கினால் விலைக்குச் சமமான வரி. இரு சமூகமும் ஒரே புயலில் அகப்பட்டன. ஆனால் அனுமதி முடிந்த கடைக்காரர் கப்பலேறித் தம் சொந்த வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். நஷ்டம் பெரிது, நிற்க இடம் இருந்தது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கை, 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. அப்படி வந்தவர்கள் மண்டபம் முகாமில் இறங்கியபோது, சொந்த ஊர் எது என்று எழுதிக்கேட்ட இடத்தில், பாட்டன் சொல்லிக் கேட்ட ஒரு கிராமத்தின் பெயரைத்தான் அநேகர் எழுத முடிந்தது; அந்தக் கிராமத்தில் அவர்களை அறிந்தவர் ஒருவரும் இல்லை. நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களிலும், நூற்பாலைகளிலும், சில்லறை வியாபாரக் கடன்களிலும் அவர்களை அமர்த்தப் பார்த்தார்கள். நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இவ்வாறு வந்தார்கள்.

கதை இதோடு முடிந்தால் கடைக்காரரே ஜயித்தார் என்று சொல்லிவிடலாம். காலம் அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் தமிழர் கடைகள் எரிந்தபோது, பல வருஷத்து வரவுகள் சில மணி நேரத்தில் சாம்பலாயின. மறுபுறம், தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்கள் கையில் பேரேடு இல்லாவிட்டாலும் ஆள்தொகை இருந்தது. 1939 இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரஸும் அதன் வழிவந்த தொழிற்சங்கங்களும் அந்தத் தொகையைப் பலமாக மாற்றின. 1988 ஆம் வருஷத்துச் சட்டமும் 2003 ஆம் வருஷத்துச் சட்டமும் அவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தன. ஆயினும் நாட்கூலி ஆயிரம் இலங்கை ரூபாயை எட்டுவதற்கு 2021 வரை அவர்கள் போராடவேண்டியிருந்தது. சொந்த மனையில் சொந்த வீடு என்பது இன்றும் லயத்தில் இருக்கும் அநேகருக்குக் கைகூடாத விருப்பமே.

இதையெல்லாம் அக்கரைச் சீமை விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அம்பாசமுத்திரத்துக்குத் தெற்கே தெரிகிற மலையில், சிங்கம்பட்டி ஜமீன் 1929 இல் 8,373 ஏக்கரைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுக்க, மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலை ஏறிற்று. கங்காணி, லயம், பிரட்டு, துரை எல்லாம் அங்கிருந்தபடியே இங்கும் வந்தன. கூலி உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளரின் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலிக் கலெக்டர் ஆபீசை நோக்கி நடந்த ஊர்வலத்தைப் போலீசார் அடித்துக் கலைத்ததில், தாமிரபரணியில் இறங்கியவர்களில் 17 பேர் மாண்டார்கள். 2024 இல், குத்தகை முடிய நான்கு வருஷம் இருக்கும்போதே, கம்பெனி விருப்ப ஓய்வு அறிவித்தது. வேலை போனால் லயமும் போகும் என்பதால், நான்கு தலைமுறையாகக் கொழுந்தெடுத்த குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போய், தங்கியிருக்க அனுமதியும், அரசாங்கமே தோட்டத்தை எடுத்து நடத்தவேண்டுமென்றும், இல்லாவிடில் கீழே நிலமும் வீடும் வேண்டுமென்றும் கேட்டன. அவர்களில் பலருக்கு அடிவாரத்து ஊர்களில் வாடகை வீடு பார்த்துக் குடியேறவேண்டியதாயிற்று. ஓய்வுத்தொகையை அந்த வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் எத்தனை வருஷங்களில் தீர்க்கும் என்று ஒரு வரி கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியது, அவர்களுக்கு மறுவாழ்வுத் திட்டம் வகுக்கிறவர்களின் முதல் வேலை.