பரணில் கிடக்கும் பழைய தராசு: மின்னணுக் கழிவை முறைப்படி அகற்றுவது எப்படி?



ஆயுத பூஜைக்கு முன் கடையைக் கழுவித் துடைப்பது நம் வழக்கம். அப்படி ஓர் ஆண்டு பரணைக் காலி செய்தபோது பழுதான எலக்ட்ரானிக் தராசு இரண்டு, பில் போடும் பிரிண்டர், பழைய கம்ப்யூட்டர், யு.பி.எஸ். பேட்டரி, எரியாத டியூப் லைட்டுகள் என ஒரு குவியலே இறங்கியது. இடம் காலியானால் போதும் என்று பழைய இரும்பு எடுப்பவரிடம் மொத்தமாக எடை போட்டுக் கொடுத்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து வாய்க்கால் கரைப் பக்கம் போனபோது கரும்புகை. செம்புக் கம்பிக்காக வயர்களைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அருகில் உடைந்து கிடந்த தராசின் மூடியில் நம் கடைப் பெயர் அழியாமல் இருந்தது. அன்று பட்ட வெட்கமே இக்கட்டுரை எழுதக் காரணம்.

மளிகைக் கடைக்கும் மின்னணுக் கழிவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் காலம் போய்விட்டது. தராசு, பில்லிங் மெஷின், கேமரா, ஃபிரிட்ஜ், செல்போன் இல்லாத கடை இன்று ஏது? அதிலும் குற்றாலத்தில் கடை வைத்திருப்போருக்குச் சாரலின் ஈரத்தால் இவை சீக்கிரமே பழுதாகிவிடுகின்றன.

இவற்றுக்குள் இருப்பவை சாதாரணமானவை அல்ல. டியூப் லைட்டில் பாதரசம் உண்டு. பழைய பெட்டி மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் உண்டு. யு.பி.எஸ். பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். மீதியில் கந்தக அமிலம். வயரின் பிளாஸ்டிக் உறையை எரித்தால் வரும் புகை நஞ்சு. குற்றாலத்தில் விழும் தண்ணீர்தான் சிற்றாறாகத் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேருகிறது. நாம் கரையில் போடுவது யார் குடத்துக்குப் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர்ப் பகுதியில் கேரள மருத்துவக் கழிவுகளைக் கொட்டியபோது நாமெல்லாம் கொதித்தோம். பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி கேரள அரசு லாரிகளை அனுப்பித் திரும்ப அள்ளிச் சென்றது. அடுத்தவர் கழிவு நம் மண்ணுக்கு வரக்கூடாது என்றால், நம் கழிவுக்கு நாம்தானே பொறுப்பு?

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஒரு நிதியாண்டில் ஒரே சமயத்தில் 1000 மின், மின்னணுப் பொருள்களாவது பயன்படுத்தும் நிறுவனத்தை ‘மொத்த நுகர்வோர்’ என்கிறது இவ்விதி. அவர்கள் பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே கழிவை ஒப்படைக்க வேண்டும். நம்மைப் போன்ற கடைகள் அந்தக் கணக்கில் வரமாட்டா. ஆனால் பேட்டரிக்குத் தனி விதி உண்டு. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியை மற்ற குப்பையோடு சேர்க்காமல் பிரித்து, சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ சேர்ப்பது நுகர்வோர் ஒவ்வொருவரின் கடமை. கடை சிறியது, பெரியது என்ற பேதம் இதில் இல்லை.

நாம் செய்ய வேண்டியவை:

1. பேட்டரி: புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, விலையில் கழித்துக்கொள்ளுங்கள். அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுக் கொடுப்பது பெரும் தவறு.

2. செல்போன் பேட்டரி: உப்பியதை அழுத்தவோ குத்தவோ கூடாது; தீப்பிடிக்கும். சாக்கு அடுக்கிய குடோனில் வைக்கவே வேண்டாம்.

3. டியூப் லைட்: உடைக்காமல், வந்த அட்டையிலேயே சுற்றித் தனியே வையுங்கள்.

4. கம்ப்யூட்டர்: கொடுப்பதற்கு முன் கணக்குகளை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். பிறகு ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் துளையிட்டுவிடுங்கள். நம் பற்று வரவும் வாடிக்கையாளர் விவரமும் அடுத்தவர் கைக்குப் போகலாகாது.

5. தராசு: முத்திரைச் சான்றிதழைத் தராசோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். கள்ள எடைக்கு நம் சான்று துணை போகக்கூடாது.

6. ரசீது: யாரிடம், எத்தனை கிலோ கொடுத்தோம் என்று எழுதி வாங்குங்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் பில் போட்டே விற்க வேண்டும்.

வாங்குபவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் கேட்கலாம்.

‘இரண்டு தராசுக்காக எந்த நிறுவனம் தென்காசிக்கு வண்டி அனுப்பும்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு கடைக்கு வரமாட்டார்கள். நூறு கடைக்கு வருவார்கள். சரக்கைச் சேர்த்து ஒரே லாரியில் ஏற்றிக் கூலியை மிச்சம் பிடிப்பது நமக்குப் புதிதா? குற்றால சீசன் முடிந்த பின் ஒரு நாள், பொங்கலுக்கு முன் ஒரு நாள் என்று சங்கம் குறித்து அறிவிக்கட்டும். அவரவர் கழிவை அங்கே கொண்டுவந்து எடை போட்டு, பதிவு பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைத்துக் கடைவாரியாக ரசீது பெறுவோம். இரும்புக் கடையில் கிடைப்பதைவிடப் பத்து ரூபாய் குறைந்தாலும் நஷ்டமில்லை.

நம் கடைப் பெயர் பலகையில் இருக்கலாம், பையில் இருக்கலாம், பில்லில் இருக்கலாம். வாய்க்கால் கரையில் மட்டும் கிடக்க வேண்டாம்.

வாழ்க வணிகம்!