முதன்முறை விடுதிக்குச் செல்லும் பூனை

கிள்ளான் நகருக்கும் கிள்ளான் துறைமுகத்திற்கும் இடையே அமைந்துள்ள ஊர் பண்டமாரான். அங்கு வாழும் ஒரு குடும்பம், தீபாவளிக்கு ஈப்போவில் இருக்கும் தாத்தா பாட்டி வீட்டிற்குச் சென்று நான்கு நாள் தங்கப் போவதாக வைத்துக்கொள்வோம். துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கியாயிற்று. முறுக்கும் நெய்யுருண்டையும் டின்களில் நிரம்பிவிட்டன. ஆனால், அந்நியர் குரல் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொள்ளும் வீட்டுப் பூனையை என்ன செய்வது?

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் பூனைகளைக் கட்டணம் பெற்றுக்கொண்டு பார்த்துக்கொள்ளும் விடுதிகள் உள்ளன. மக்கள் இவற்றைப் ‘பூனை ஹோட்டல்’ என்று அழைக்கின்றனர். பணம் கட்டினால் இடம் கிடைத்துவிடும். ஆயினும், பயந்த பூனைக்கு அந்த இடத்தில் நிம்மதி கிடைக்குமா என்பது, அதன் உரிமையாளர் அதற்கு முந்திய வாரங்களில் என்ன செய்தார் என்பதைப் பொறுத்தது.

அச்சத்திற்குக் காரணம்

பூனை, மனிதர்களோடு பழகும் விலங்குதான். எனினும், அஃது இடத்தோடு மிக நெருங்கிய பிணைப்பு கொண்டது. பூனையின் கன்னம், நெற்றி, பாதம் ஆகிய உறுப்புகளில் மணச் சுரப்பிகள் உள்ளன. அது நாற்காலிக் காலிலும் கதவு மூலையிலும் நம் காலிலும் கன்னத்தை உரசும்போது தன் மணத்தை அங்கே பதித்துவிடுகிறது. அந்த மணம் உள்ள இடமெல்லாம் அதற்குப் பாதுகாப்பான இடம். விடுதி அறையிலோ அதன் மணம் சிறிதும் இல்லை. வேறு பூனைகளின் மணமும் கிருமிநாசினியின் நெடியுமே உள்ளன. நமக்குத் தூய்மையாகத் தோன்றும் அறை, பூனைக்கு முன்பின் தெரியாத அந்நிய நாடு.

ஓசையும் அவ்வாறே. மனிதரின் காது நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியைக் கேட்கும். பூனையின் காதோ 60,000 அதிர்வுகளுக்கும் மேற்பட்ட ஒலியைக் கேட்க வல்லது. துறைமுகத்தை நோக்கிச் செல்லும் கொள்கலன் லாரிகளின் இரைச்சலையும் பெருநாள் காலத்துப் பட்டாசு வெடிகளையும் நினைத்துப் பாருங்கள். வீட்டில் இருக்கும்போது பூனை தனக்குப் பழகிய மூலையில் பதுங்கிக்கொள்ளும். புதிய இடத்தில் அம்மூலை எங்கே இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது.

சில பூனைகள் மற்றவற்றைவிட அதிகமாகப் பயப்படுவதற்கும் காரணம் உண்டு. பூனைக்குட்டி பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதர்களோடு எளிதில் பழகும். அக்காலத்தில் மனிதர் கைபடாமல் வளர்ந்த குட்டி, பெரியதான பின்னும் அந்நியரைக் கண்டு அஞ்சும். தெருவோரத்தில் கண்டெடுத்து வளர்க்கப்படும் பூனைகள் பல இத்தகையவை. இஃது அவற்றின் பிடிவாதமன்று. வளர்ந்த சூழலின் விளைவு.

அச்சம் மனத்தோடு நின்றுவிடுவதில்லை, உடலையும் தாக்கும். முன்பு சளிக்காய்ச்சல் கண்டு குணமான பூனையின் உடலில் அந்நோய்க்கிருமி உறங்கிக்கொண்டிருக்கலாம். பதற்றம் மிகும்போது கிருமி மீண்டும் விழித்துக்கொள்ளும். பக்கத்து அறைப் பூனைக்கும் பரவும். அச்சத்தால் தொடர்ந்து உண்ணாமல் இருக்கும் பூனைக்கு, குறிப்பாகப் பருமனான பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

முதல் நான்கு நாள்கள்

விடுதியில் தங்கும் பூனைகளைப் பற்றி கெஸ்லர், டர்னர் எனும் இரு சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரண்டு வாரம் தங்கிய பூனைகளின் பதற்றத்தை அவர்கள் அளந்தனர். முதல் நான்கு நாள்களில் பதற்றம் வெகுவாகக் குறைந்தது. இரண்டு வார முடிவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பூனைகள் நன்கு பழகிக்கொண்டன, எஞ்சியவை சிரமப்பட்டன.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. நாம் பெருநாளுக்காக ஊருக்குச் செல்வது பெரும்பாலும் மூன்று, நான்கு நாள்களுக்குத்தான். பூனைக்கு மிகக் கடினமான நாள்களும் அவையே. புதிய இடம் பழகத் தொடங்கும் வேளையில் நாம் திரும்பி வந்து அதை அழைத்துச் சென்றுவிடுகிறோம். எனவே, ‘போகப் போகப் பழகிவிடும்’ என்று இருப்பது சரியன்று. போவதற்கு முன்பே பழக்க வேண்டும்.

விடுதியைத் தேர்ந்தெடுத்தல்

மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், 2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நடைமுறைக்கு வந்தது. ஏற்ற சூழல், ஏற்ற உணவு, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, பிற விலங்குகளோடு சேர்ந்தோ தனித்தோ இருக்கும் தேவை, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகிய ஐந்தையும் விலங்கின் தேவைகளாக அச்சட்டம் குறிப்பிடுகிறது. ஒரு விடுதியை நேரில் சென்று பார்க்கும்போது இவ்வைந்தையும் அளவுகோலாகக் கொள்ளலாம்.

பூனைகள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்காதவாறு அறைகள் தடுக்கப்பட்டுள்ளனவா? நாய்களின் குரைப்பொலி கேட்கிறதா? ஏறி அமர உயரமான பலகை இருக்கிறதா? உணவுத் தட்டும் மணல் தட்டும் தள்ளித் தள்ளி வைக்கப்பட்டுள்ளனவா? வெளிக்கதவைத் திறந்தால் பூனை தெருவுக்கு ஓடிவிடாதபடி இரண்டாவது கதவு உள்ளதா? இரவில் யார் பார்த்துக்கொள்வார்? நோயுற்றால் எந்தக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்வர்? இவற்றைத் தயங்காமல் கேட்க வேண்டும். தடுப்பூசி அட்டையைக் கேட்காமலே பூனையை ஏற்றுக்கொள்ளும் விடுதியைத் தவிர்ப்பது நல்லது. நம் பூனையிடம் கேட்காதவர்கள் மற்றப் பூனைகளிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான்கு வாரப் பயிற்சி

முதல் வாரத்தில் செய்ய வேண்டியது, பயணக்கூடையைப் பழக்குதல். பல வீடுகளில் இக்கூடை ஸ்டோர் அறையில் கிடக்கும். மருத்துவரிடம் போகும் நாளில்தான் வெளியே வரும். அதைக் கண்டதும் பூனை ஓடுவதில் வியப்பில்லை. கூடையை வரவேற்பறையின் ஒரு மூலையில் கதவைத் திறந்தே வையுங்கள். உள்ளே பழைய துண்டு ஒன்றை விரித்து, பூனைக்குப் பிடித்த உணவில் சிறிது போடுங்கள். அதைப் பிடித்து உள்ளே தள்ளாதீர்கள். தானாக நுழைந்து படுத்துறங்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

அதே வாரத்தில் தடுப்பூசிகளையும் சரிபார்க்க வேண்டும். தடுப்பூசி போட்டவுடன் முழுப் பாதுகாப்பு கிடைத்துவிடாது. உடல் எதிர்ப்பாற்றலை உருவாக்கச் சில நாள்கள் தேவைப்படும். புறப்படுவதற்கு முந்திய நாள் மருத்துவரிடம் ஓடுவதால் பயன் குறைவு.

இரண்டாம் வாரத்தில் கூடையின் கதவைச் சில நிமிடங்கள் மூடித் திறக்கலாம். பிறகு, கூடையோடு தூக்கிச் சென்று, ஓடாத காரில் சற்று நேரம் வைத்துக்கொண்டு உடன் அமர்ந்திருக்கலாம். அடுத்த நாள் தாமானை ஒரு சுற்று சுற்றி வரலாம். ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும் பிடித்த உணவைக் கொடுங்கள். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ விடாமல் கத்தினாலோ முந்திய படிக்குத் திரும்பிச் செல்லுங்கள்.

மூன்றாம் வாரத்தில் மணத்தைத் தயார் செய்ய வேண்டும். மென்மையான இரண்டு பருத்தித் துணிகளைப் பூனை படுக்கும் இடத்தில் விரித்து வையுங்கள். அவற்றைத் துவைக்காதீர்கள். துவைத்தால் நாம் சேர்த்து வைக்கும் மணமே போய்விடும். பூனை அமைதியாக இருக்கும்போது அதன் கன்னத்தைத் துணியால் மெதுவாகத் தடவுவதும் நன்று.

நான்காம் வாரத்தில், கூடுமானால், ஓர் இரவு மட்டும் விடுதியில் தங்கவைத்துப் பாருங்கள். பயணமே இல்லாத சாதாரண நாளில் இதைச் செய்ய வேண்டும். பூனை உண்டதா, மணல் தட்டைப் பயன்படுத்தியதா என்பதை அறிந்துகொள்ளலாம். ‘விட்டுச் சென்றவர்கள் திரும்பி வந்தார்கள்’ என்ற அனுபவமும் பூனைக்குக் கிடைக்கும்.

உடன் அனுப்ப வேண்டியவை

வழக்கமாக உண்ணும் உணவையும் வீட்டில் பயன்படுத்தும் அதே வகை மணலையும் அனுப்புங்கள். புதிய இடத்தில் இருக்கும் பூனைக்கு உணவையும் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரலாம். பூனை மணம் ஏறிய துணிகளையும் மறவாதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பயன்மிக்கது ஓர் அட்டைப்பெட்டி. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பகத்திற்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10 பூனைகளுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தனர். 2014ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின்படி, பெட்டி பெற்ற பூனைகள் மற்றவற்றைவிட விரைவாக அமைதியடைந்தன. ஒளிந்துகொள்ள இடம் இருந்தால், வெளியே வரும் துணிவும் பிறக்கிறது. ஆகவே, ‘ஒளிந்துகொண்டால் வெளியே இழுக்க வேண்டாம்’ என்று பராமரிப்பாளரிடம் சொல்லிவையுங்கள்.

பராமரிப்பாளருக்கு ஒரு பக்கக் குறிப்பும் எழுதிக் கொடுக்கலாம். பூனையின் பெயர், உண்ணும் நேரம், மருந்து, அஞ்சும் பொருள்கள், தொடவிடாத உடற்பகுதி, அவசரத் தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். பூனை கடிக்கும் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். உண்மையை மறைத்தால் பராமரிப்பாளருக்குக் காயமும் பூனைக்குக் கெட்ட பெயருமே மிஞ்சும்.

புறப்படும் நாளும் விடுதி நாள்களும்

புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிட்டால், காரில் வாந்தி எடுப்பதைத் தவிர்க்கலாம். கூடையை மெல்லிய துணியால் மூடுங்கள். ஆனால், காற்று புகும் வழியை அடைக்காதீர்கள். நம் நாட்டு வெயிலில் நிறுத்திவைத்த காரில் பூனையை ஒரு போதும் தனியே விடக்கூடாது. பதற்றத்தைக் குறைப்பதற்காக மனிதர்களுக்குரிய மாத்திரைகளைத் தருவதும் கூடாது. நாம் காய்ச்சலுக்கு உட்கொள்ளும் பாரசிட்டமோல் பூனைக்கு நஞ்சு. மருந்து தேவையா என்பதைக் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

விடுதியில் கட்டித் தழுவி நெடுநேரம் விடைபெற வேண்டாம். துணியை விரித்து, பெட்டியை வைத்து, கூடையின் கதவைத் திறந்துவிட்டு அமைதியாகக் கிளம்புங்கள். பராமரிப்பாளர் பூனையை உற்றுப் பார்க்காமல், கண்களைச் சற்றே சுருக்கி மெதுவாக மூடித் திறந்தால், அதைப் பூனை நட்பின் அடையாளமாக ஏற்றுக்கொள்ளும். இவ்வாறு கண் சிமிட்டிய அந்நியரைப் பூனைகள் அதிகமாக நெருங்கின என்று 2020ஆம் ஆண்டில் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு கூறுகிறது.

நாள்தோறும் புலனத்தில் படம் அனுப்பச் சொல்வது வழக்கம். படம் மட்டும் போதாது. ‘சாப்பிட்டதா, சிறுநீர் கழித்ததா’ என்று கேளுங்கள். ஒரு நாள் முழுவதும் ஒன்றும் உண்ணவில்லையென்றால் மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும். ஆண் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் முக்கினால், அதே நாளில் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

வீடு திரும்பிய பின்

வீட்டிற்கு வந்த பூனை ஓரிரு நாள் ஒதுங்கியே இருக்கலாம். அதற்குக் கோபம் என்று எண்ண வேண்டாம். தன் மணத்தை வீட்டில் மீண்டும் பதித்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் வேறு பூனை இருந்தால், விடுதி மணத்தோடு வந்த தோழனைக் கண்டு அது சீறக்கூடும். முதல் நாள் இரண்டையும் தனித்தனி அறைகளில் வைப்பது நல்லது. தும்மல், கண்ணில் நீர் வடிதல் போன்றவை தெரிகின்றனவா என இரண்டு வாரம் கவனியுங்கள்.

எல்லாப் பூனைகளுக்கும் விடுதி ஏற்றதன்று

இவ்வளவு செய்தும், பயிற்சி இரவில் ஒரு வாய் உணவையும் தொடாமல் மூலையில் நடுங்கிக்கொண்டிருக்கும் பூனைகளும் உண்டு. அவற்றைக் கட்டாயப்படுத்தக் கூடாது. நம்பிக்கையான அண்டை வீட்டாரோ உறவினரோ நாள்தோறும் இரு முறை வீட்டிற்கு வந்து உணவிட்டு, மணலை மாற்றி, சற்று நேரம் உடன் இருப்பது இத்தகைய பூனைகளுக்குப் பெரிதும் ஏற்றது. பூனையின் இடம் மாறுவதில்லை. ஆள் மட்டுமே மாறுகிறார்.

தனக்கு என்ன நேரப்போகிறது என்பதைப் பூனையால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. ‘நான்கு நாளில் வந்துவிடுவோம்’ என்று நாம் சொன்னாலும் அதற்குப் புரியாது. அதனால், சொல்ல முடியாததைச் செயலால் முன்கூட்டியே பழக்கித் தருவது அதை வளர்ப்பவரின் கடமையாகும். பெருநாள் விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பே பயணக்கூடையை ஸ்டோர் அறையிலிருந்து எடுத்து வெளியே வைத்தால், அக்கடமை தொடங்கிவிட்டது எனலாம்.