இலக்கமுறை ஒலிக்கருவிகளும் மாதிரி வீதமும்

எமது கல்லூரியில் முன்னாளிற் பண்ணிசை கற்பித்த ஆசிரியர் ஒருவர் பாடிய தேவாரப் பதிவொன்றை, இவ்விழாவையொட்டி இறுவட்டில் ஆக்கித் தருமாறு பழைய மாணவர் சிலர் எம்மைக் கேட்டனர். அப்பெரியார் இன்று நம்மிடையே இல்லை. அவர் குரலாக எஞ்சியிருப்பது, கைக்கடக்கமான இலக்கமுறைப் பதிவுக் கருவி ஒன்றிற் பதியப்பெற்ற ஒரு மணி நேரப் பாட்டு மட்டுமே. யாம் தமிழாசிரியர், மின்னியல் கற்றவரல்லேம். எனினும் மறுக்க மனம் வராது, அக்கருவியைக் கணினியோடு ஒளிநார் வடத்தால் இணைத்துப் பதிவை மாற்றினோம். கேட்டபோது குறையொன்றும் தோன்றவில்லை. மாணவர்க்கும் அதனையே கேட்பித்துப் பாடப் பயிற்றினோம்.

சில கிழமைகளின் பின், அவ்வாசிரியரிடம் நேரே பயின்ற பழைய மாணவர் ஒருவர் வந்தார். முதற்பாட்டு முடியுமுன்னரே, இஃது ஐயாவின் குரலன்று என்றும், ஐயா இத்துணைத் தடித்த குரலில் ஒருநாளும் பாடியதில்லை என்றும் கூறிவிட்டார். எமக்கு முகம் வாடிற்று. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் ஓடவிட்டோம். ஒரு மணி நேரப் பதிவு 65 நிமிடமும் 18 செக்கனும் ஓடியது!

இவ்வைந்து நிமிடம் எங்கிருந்து வந்தது என ஆராய்ந்ததன் பயனே இக்கட்டுரை.

ஒலி என்பது இடையறாத அலை. இலக்கமுறைக் கருவி அதனை அப்படியே வாங்குவதில்லை. ஒரு செக்கனுள் பல்லாயிரம் முறை அலையின் உயரத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துவைக்கிறது. கோலமிடுவார் முதலிற் புள்ளிகளையிட்டுப் பின் கோடிழுத்தல் போல, ஒலிக்கும் வேளையில் அவ்வெண்களைக்கொண்டு அலை மீள வரையப்படுகிறது. செக்கனுக்கு எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பதே மாதிரி வீதம். எவ்வளவு நுண்ணிய ஒலியைக் காக்க விரும்புகிறோமோ அதன் அதிர்வெண்ணிக்கையைப்போல் இருமடங்குக்கு மேலாக அளத்தல் வேண்டும். ஹரி நைக்குவிஸ்ற் 1928 இற் காட்டிய வழியை 1949 இற் கிளோட் ஷனன் கணித முறையால் நிறுவினார். மனிதச் செவி கேட்கும் எல்லை செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு. ஆகவே 40,000 இன் மேல் ஏதேனும் ஓர் எண் போதும்.

ஓர் எண் போதுமாயிருக்க, இரண்டு எண்கள் வழக்கில் நிலைத்தமையே நமக்கு வந்த தொல்லை. 1982 இல் விற்பனைக்கு வந்த இறுவட்டின் வீதம் 44,100. இவ்வெண் இசையிலிருந்து பிறந்ததன்று. அதற்கு முன், இலக்கமாக்கிய ஒலியைச் சேமிக்கத் தொலைக்காட்சிப் படநாடாவையே பயன்படுத்தினர். செக்கனுக்கு 60 புலங்களுள்ள முறையில் ஒரு புலத்தின் 245 வரிகளில், வரிக்கு மூன்று எண்களாகப் பதித்தால் 44,100 ஆகும். ஐரோப்பாவின் 50 புல முறையில் 294 வரிகளிற் பதித்தாலும் அதே 44,100. இரு கண்டங்களுக்கும் பொருந்திய எண் என்பதே அதன் பெருமை. திரைப்படத் துறையினரும் ஒளிபரப்பாளரும் 48,000 ஐ ஏற்றுக்கொண்டனர். செக்கனுக்கு 24 படமோடும் திரைப்படத்தில் ஒரு படத்துக்கு 2,000 எண்கள் சரியாக அமையும். 44,100 ஆயின் 1,837½ என்னும் பின்னம் வந்து நிற்கும்.

எமது பிழையும் இங்கேதான். பதிவுக் கருவி 48,000 இல் அளந்திருந்தது. கணினி எண்கள் யாவற்றையும் ஒழுங்காகவே பெற்றுக்கொண்டது. கோப்பின் தலைப்பில் மட்டும் 44,100 என எழுதிக்கொண்டது. 48,000 எண்களை ஒரு செக்கனிற் செலவிடாது, 44,100 ஆகச் சிக்கனமாகச் செலவிட்டபடியால் பாட்டு நீண்டது; சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் தாழ்ந்தது. ஐயாவின் குரல் தடித்த காரணம் அதுவே.

இரு கருவிகளும் ஒரே வீதத்தில் இயங்கினால் தொல்லையில்லை என்று எண்ணுதலும் தவறு. ஒவ்வொரு கருவியினுள்ளும் தனித்தனிப் பளிங்குக் கடிகாரம் உண்டு. ஒரே தாளத்தை எடுத்துக்கொண்ட இரு மிருதங்கக்காரர் ஒருவரையொருவர் கேளாது தனித்தனி அறைகளிலிருந்து வாசித்தால் சிறிது நேரத்தில் விலகிப்போவர் அன்றோ? பத்திலட்சத்தில் ஐம்பது பங்கு வேறுபாடு இருப்பினும், 48,000 வீதத்தில் ஒரு மணி நேரத்துக்கு 8,640 எண்கள் மிகும் அல்லது குறையும். மிகுந்ததைக் கருவி எறிந்துவிடும்; குறைந்தால் முன் வந்ததைத் திரும்பச் சொல்லும். அவ்விடத்தில் "டிக்" என்றொரு சிற்றொலி கேட்கும். வடம் பழுது என்று கருதி வடத்தை மாற்றுவோர் பலர். யாமும் இரண்டு வாங்கினோம்.

இதற்கு மருந்து, ஒன்றை மட்டும் கடிகாரத் தலைமையாக வைத்து, ஏனையவற்றை அதன்வழி ஒழுகச்செய்தலாம். இலக்கமுறை வடத்தில் எண்களோடு காலக்கணக்கும் சேர்ந்தே வருதலால், பெறுங் கருவியின் அமைப்பில் "வெளிக்கடிகாரம்" என்பதைத் தெரிந்தாற் போதும். கருவிகள் பலவாயின், காலக்கணக்கை மட்டும் கொண்டுசெல்லும் தனிவடம் இழுப்பர்.

வீதமே வேறாயின், அல்லது ஒரு கருவி பிறிதொன்றின் கடிகாரத்தைப் பின்பற்ற இயலாததாயின், மாதிரி வீத மாற்றி இடையில் வேண்டும். 44,100 க்கும் 48,000 க்கும் உள்ள விகிதம் 147 : 160. முன்னதை 160 ஆலும் பின்னதை 147 ஆலும் பெருக்கினால் இரண்டும் 70,56,000 இற் சந்திக்கும். மாற்றி அத்துணை நெருக்கமான புள்ளிகளைக் கணித்தாற்போல, வேண்டிய இடத்து உயரத்தை மட்டும் கண்டெடுக்கிறது. வீதத்தைக் குறைக்கும்போது, புதிய வீதத்தின் பாதிக்கு மேற்பட்ட ஒலியை முன்னரே வடித்தல் கட்டாயம். 96,000 இற் பதிந்த 30,000 அதிர்வு செவிக்கு எட்டாதது. வடிக்காமல் 44,100 க்கு இறக்கினால் அது 14,100 ஆக மடங்கி, இல்லாத ஒலியாய்க் கேட்கும். மாற்றி கிடையாதவிடத்து, ஒலியைச் சாதாரண மின்னலையாக வெளியே எடுத்து, மற்றக் கருவியில் மீளப் பதியலாம். நுண்மை சிறிது குறையும். ஆனால் இரு கடிகாரங்களின் பிணக்கு அடியோடு ஒழியும். எளிய வழி என்று அதனை இகழ வேண்டுவதில்லை.

எமது பதிவில் எண்ணொன்றும் இழக்கப்படாமையால் தலைப்பைத் திருத்தியதும் குரல் மீண்டது. அப்பழைய மாணவர் மறுபடி வந்து கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். மூலக்கோப்பு 48,000 வீதத்திலேயே நூலகத்திற் காக்கப்படுகிறது. இறுவட்டுக்கென 44,100 க்கு முறைப்படி மாற்றிய படி வேறு. மாணவர் இருவர் மட்டும் இன்னும் அத்தாழ்ந்த சுருதியிலேயே பாட்டைத் தொடங்குகின்றனர்.